நெல்லுக்கு இங்கிலீசு விளங்காது

என் மனைவிக்கு ஒரேயொரு ஆங்கிலச் சொல் மட்டும் மனத்தில் தங்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஹை, ஹையர், ஹையெஸ்ட் என்று தடங்கலில்லாமல் சொல்வாள். ஹெவி, ஹெவியர், ஹெவியெஸ்ட்டும் அப்படியே. லோ என்று நான் எடுத்துக் கொடுத்தால் அடுப்பில் ஏதோ கொதிப்பது அவளுக்கு நினைவு வந்துவிடும். எழுந்து போவாள். திரும்பி வரும்போது வேறொரு சொல்லோடு வருவாள்.

வெல்லாவெளிப் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில், நகை அடகுப் பிரிவில், அவள் ஒப்பந்தத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். மார்ச் மாத முடிவோடு ஒப்பந்தம் தீர்ந்துவிடும். நிரந்தர நியமனம் வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து வரும் மூன்று அதிகாரிகள் முன்னால் ஆங்கிலத்தில் நேர்முகப் பரீட்சைக்குப் போய்த் தேற வேண்டும். தேறாதவர்களுக்கு இன்னொரு தடவை இல்லை என்று சுற்றறிக்கை சொன்னது. நான் ஒரு பத்திரிகையின் மட்டக்களப்பு அலுவலகத்தில் உதவி ஆசிரியராக இருந்தவன். அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். கிடைக்கிற மொழிபெயர்ப்புகளை வீட்டிலிருந்து செய்கிறேன். சில மாதம் வரும், சில மாதம் வராது. ஆகவே அந்தப் பரீட்சை அவளுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

எவற்றைக் கேட்பார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். வைப்பு, மீளப்பெறல், மீதி, வட்டி, பிணை, அடகு, மீட்பு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள். அதற்குக் கீழே, ஒப்பிட்டுப் பேசுதல். வங்கிக்கு வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒப்பீடுதான். எந்தக் கணக்கு நல்லது, எதற்கு வட்டி கூட, இந்தச் சங்கிலியா அந்தக் காப்பா பாரம். வங்கிச் சொற்களில் அவளுக்குச் சிக்கல் இல்லை. டிப்பொசிட், விட்ரோவல், பலன்ஸ், ரிடீம் எல்லாம் தினமும் கையால் எழுதுகிறவைதான். சொல்லும்போது மட்டும் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்ன மூச்சு எடுப்பாள், குளிர்ந்த தண்ணீரை முதல் வாளி ஊற்றுகிறவர்கள் எடுப்பதைப் போல.

விடியற்காலையில், அவள் பஸ்ஸுக்குப் புறப்படுமுன், சாப்பாட்டு மேசையில் படிப்போம். நான் வாடிக்கையாளர். மூன்று தேயிலைத் தகரப் பேணிகள் மூன்று வகைக் கணக்குகள்.

“விச் அக்கவுண்ட் ஹாஸ் த லோவெஸ்ட் இன்ட்ரஸ்ட்?” என்று கேட்டேன்.

“திஸ் இஸ் ஹையர். தட் இஸ் த ஹையெஸ்ட்.”

“நான் கேட்டது அதில்ல.”

“மிச்சமா இரிக்கிறதுதான் நீங்க கேட்டது.”

“அத இங்கிலீசில சொல்லு.”

“த அதர் வன்,” என்றாள். பேணிகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “பஸ் வந்திரும்.”

செய்தி திருத்திய காலத்தில் இப்படிப்பட்ட பிரதிகள் வரும். விபத்து நடந்த சந்தி இருக்கும், நேரம் இருக்கும், மோட்டார் சைக்கிளின் நிறம் இருக்கும். யார் செத்தது என்பது மட்டும் இருக்காது. எழுதியவர் அதை மறந்திருக்கமாட்டார். இறந்தவர் அவருக்குத் தெரிந்த ஆளாக இருப்பார்.

சனிக்கிழமைகளில் களுவாஞ்சிகுடியில் ஒரு வகுப்புக்குப் போனாள். மோட்டார் சைக்கிளில் நான்தான் கொண்டுபோய் விடுவேன், வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பேன். ஏறாவூரிலிருந்து வரும் ஆசிரியை பாடத்தை நாடகமாக நடத்துவார். ஒரு மேசையை வங்கியாக்கி, தானே பொறுமையில்லாத வாடிக்கையாளராக வந்து நிற்பார். அன்றைக்கு மேசைக்குப் பின்னால் என் மனைவி.

“புள்ள, மூணு கணக்கு இரிக்கி எண்டு போட்டிரிக்கி. எதுல வட்டி லோவெஸ்ட்?”

“மேடம், நீங்க அதுல போடாதீங்க.”

வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை.

“நான் போடப் போறல்ல புள்ள. எதெண்டு தெரிஞ்சா அதுக்குக் கிட்டயும் போகாம இரிக்கலாமெண்டுதான் கேக்கன்.”

மறுபடியும் சிரிப்பு. என் மனைவியும் சிரித்தாள். ஆசிரியை அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு வகுப்பின் பக்கம் திரும்பினார். ஒரு பொருளைச் சொல்ல இரண்டு வழி உண்டு என்றார். ஒன்று இன்னொன்றின் அளவுக்கு உயரவில்லை என்றும் சொல்லலாம். நாட் அஸ் ஹை அஸ். பலகையில் எழுதிப் போட்டார்.

திரும்பி வரும்போது பட்டிருப்புப் பாலத்தில் எதிர்காற்று. பின்னாலிருந்து நாட் அஸ் ஹை அஸ், நாட் அஸ் ஹெவி அஸ் என்று விடாமல் கேட்டுக்கொண்டே வந்தது. பல நாளுக்குப் பிறகு அவள் குரல் இலகுவாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பாலத்தைக் கடந்ததும் வேகத்தைத் தணித்தேன்.

“அவங்க நேரா லோவெஸ்ட் எதெண்டு கேட்டா என்ன செய்வாய்?”

“கேக்க மாட்டாங்க.”

“கேப்பாங்க. நானெண்டா கேப்பன்.”

வீடு வந்தது. இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

“அண்ணன் சூடு வச்சிரிக்காரு,” என்றாள்.

அவளுடைய அண்ணனின் வயல் வீட்டுக்குப் பின்னால் விரியும் வட்டை என்னும் வயல்வெளியில் இருக்கிறது. பெரும்பகுதியை இப்போது இயந்திரம் அறுக்கிறது. குளத்துப் பக்கத்துப் பள்ளக்காணியில் இயந்திரம் புதைந்துவிடும் என்பதால் அதை மட்டும் கையால் வெட்டி, கதிரைச் சூடு என்கிற போராகக் குவித்து வைத்து, களவெட்டி என்ற களத்தில் பரப்பி அதன் மேல் உழவு இயந்திரத்தைச் சுற்றவிட்டு நெல்லைப் பிரிப்பார்கள். களவெட்டிக்குள் சில சொற்களைப் பேசுவதில்லை. நெல்லைப் பொலி என்பார்கள். கடகம் அங்கே பெருவாயன். இல்லை என்ற தனிச்சொல்லையும் முடிந்தது, குறைவு என்ற சொற்களையும் யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள், எடுத்தால் பொலி தங்காது. இயந்திரம் வந்த பிறகு பல வீடுகள் இதைக் கைவிட்டுவிட்டன. அவள் அண்ணன் விடவில்லை. அவர்கள் வீட்டில் இந்தக் கட்டுப்பாடு களவெட்டியோடு நிற்பதுமில்லை. சூடு வைத்த நாளிலிருந்து கடைசி மூட்டை வீட்டுக்குள் வரும்வரை, வீட்டில் உள்ளவர்கள் எங்கே நின்றாலும் அது அவர்களோடு போகும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். இங்கே வழக்கப்படி கல்யாணமானதும் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பவன் நான். அந்த நாட்களில் சோற்றுப் பானையில் சோறு தீர்ந்தாலும் “நிறைஞ்சிட்டு” என்று சொல்லப் பழகியிருந்தேன். அது ஆங்கிலத்துக்கும் பொருந்தும் என்பதுதான் தெரியாது.

“நெல்லுக்கு இங்கிலீசு விளங்காது,” என்றேன்.

“எனக்கு விளங்குதே.”

பிறகு அவள் சொன்னது எனக்குப் புதிது. இரண்டு போகத்துக்கு முன்னால் களவெட்டியில் நிற்கும்போது வங்கியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. பவுண் விலையைப் பற்றி ஒரு வாடிக்கையாளருக்கு என்ன சொல்ல என்று கேட்டிருக்கிறார்கள். குறைஞ்சிட்டு எண்டு சொல்லுங்க என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள்; இப்போது என்னிடம் அந்தச் சொல்லை விரலைக் கீழே சாய்த்துத்தான் காட்டினாள். மறுநாள் பருவம் தப்பிய மழை. சூடு அடியிலிருந்து அழுகியது.

“அண்ணன் ஒரு சொல்லும் சொல்லல்ல. அண்டைக்கும் சொல்லல்ல, மறுகாவும் சொல்லல்ல. ஏசியிருந்தாரெண்டா அதோட போயிருக்கும்.”

“மழை எல்லார்ர வயலிலயும்தானே பெஞ்சது.”

“ஓம். எல்லாரும் என்னைப் போலச் சொல்லல்ல.”

இதை அண்ணனிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். சொன்னால் அவர் ‘போய்ச் சொல்லிட்டு வா’ என்பார். பிறகு என்ன நடந்தாலும் அதுவும் அவர் தலையில்.

மறுநாள் காலை நானாகவே வட்டைக்குப் போனேன். மைத்துனர் சூட்டுக்குள் கையை முழங்கை வரை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செவ்வாய்க்கு முதல்ல அடிச்சுக் கட்ட ஏலாதா மச்சான்?”

“உள்ளுக்கு ஈரம் இரிக்கி. வெயில் காணணும். வெள்ளிக்கிழமை பாப்பம்.” கையை இழுத்து உதறினார். “என்னத்துக்குக் கேக்கிறீங்க? பேப்பர்ல போடவா?”

“சும்மாதான்.”

“பேப்பர்க்காரன் சும்மா கேக்கிறதில்லையே,” என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். பரீட்சை செவ்வாய்க்கிழமை.

அன்று இருட்டோடு புறப்பட்டோம். பாலத்தில் ஏறியபோது வாவியின் மேல் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. தெற்கே மேகம் கட்டியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். புளியந்தீவில் வங்கியின் பிராந்திய அலுவலகத்துக்கு வெளியே, சுவரோரம் வரிசையாகப் போட்ட கதிரைகளில் அவளைப் போன்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அநேகமாக எல்லோருடைய உதடும் அசைந்தது. குட், பெட்டர், பெஸ்ட் என்று ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். கோயில் வாசல் போல இருந்தது.

என்னை உள்ளே விடவில்லை. மதிலுக்கு வெளியே நின்றேன். வேலையில் இருந்தபோது மூடிய கதவுகளுக்கு வெளியே நிற்பது எனக்குப் பழக்கம். வெளியே வருகிறவர்களின் கைகளைப் பார்த்தாலே உள்ளே நடந்ததில் பாதி தெரியும். முகத்தை ஒழுங்குபடுத்திக்கொள்வார்கள், கையை மறந்துவிடுவார்கள். என் மனைவி வெளியே வந்தபோது வலது கையின் சுட்டுவிரலை இடது கையால் பொத்திப் பிடித்திருந்தாள்.

நடந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். வங்கிச் சொற்களை எல்லாம் கேட்டார்கள், எல்லாம் சொன்னாள். அடகு வைத்த நகையை மீட்க வருகிறவரிடம் என்ன கேட்பாய் என்றார்கள், விரிவாகச் சொன்னாள். பிறகு ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். சாதாரண சேமிப்பு, சிறுவர் சேமிப்பு, நிலையான வைப்பு. மூன்றுக்கும் வட்டி வீதம் போட்டிருந்தது. ஒப்பிடச் சொன்னார்கள். நிலையான வைப்பு ஹையெஸ்ட் என்றாள். சிறுவர் சேமிப்பு நிலையான வைப்பைப் போல நாட் அஸ் ஹை என்றாள். சாதாரண சேமிப்பு சிறுவர் சேமிப்பைப் போல நாட் அஸ் ஹை என்றாள். இரண்டு பேர் தலையாட்டினார்கள். மூன்றாமவர் பேனையைத் திறந்தார்.

“சோ விச் இஸ் த லோவெஸ்ட்?”

அவள் அட்டையில் விரலை வைத்துக் காட்டினாள்.

“இன் வேர்ட்ஸ், ப்ளீஸ்.”

“சொறி, சேர்,” என்றாள்.

அவர் காத்திருந்தார். பிறகு அவர் ஏதோ எழுதினார். நீளமாக எழுதவில்லை. அவ்வளவுதான்.

நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். களுதாவளை வரை நிறுத்தவில்லை. பிள்ளையார் கோயில் தாண்டி ஒரு கடையில் நிறுத்தி இரண்டு பிளேன்டீ சொன்னேன்.

“ஒரு சொல்லு,” என்றேன்.

“ஓம்.”

“மார்ச்சுக்குப் பிறகு என்ன செய்யிற?”

“தெரியா.”

“ஒரு சொல்லுக்காக.”

அவள் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

“நான் வெளிக்கிடக்குள்ள எங்க போறாய் எண்டு நீங்க ஒரு நாளும் கேட்டதில்ல. கல்யாணம் கட்டின நாளில இரிந்து பாக்கன். சந்தைக்குப் போனாலும் கேக்க மாட்டீங்க. வந்தாப் பிறகுதான் கேப்பீங்க. ஏன்?”

என் அப்பா வாவியில் மீன்பிடித்தவர். தோணிக்குப் புறப்படுகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் வலை வெறுமையாக வரும். அவர் தோணியை விற்றுப் பல வருடம். என் வாய் அதை விடவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருக்கிறாள்.

“அதுவும் ஒரு சொல்லுதானே,” என்றாள். கோப்பையை வைத்தாள்.

தெற்கே கட்டியிருந்த மேகம் மத்தியானம் கலைந்துவிட்டது. மழை பெய்யவில்லை. அதை எதற்கும் சான்றாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றும் அடுத்த இரண்டு நாளும் எத்தனை தடவை வானத்தைப் பார்த்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

முடிவை வெள்ளிக்கிழமை கிளை முகாமையாளர் தொலைபேசியில் அறிவிப்பார் என்று சொல்லியிருந்தார்கள். அவள் அன்றைக்கு லீவு போட்டிருந்தாள், களவெட்டியில் ஆள் வேண்டும் என்று. உழவு இயந்திரம் சுற்றி முடித்துவிட்டது. வைக்கோலை உதறி ஒதுக்கியாயிற்று. நெல் தரையில் விரித்த படங்கின் மேல் குவிந்து கிடந்தது. மைத்துனர் பெருவாயனால் அள்ள, என் மனைவி சாக்கின் வாயை விரித்துப் பிடிக்க, நான் தைத்தேன். அவளுடைய கைப்பை மருத மரத்துக் கிளையில் தொங்கியது.

சாக்குகள் பாதிக்கு மேல் நிறைந்திருந்தபோது பைக்குள் தொலைபேசி அடித்தது. முகாமையாளருக்கென்று அவள் தனியாக ஒரு மணிச்சத்தம் வைத்திருந்தாள். எனக்கு அது தெரியும்.

நான் ஊசியோடு எழுந்துவிட்டேன். செய்தியறையில் இருந்தவனுக்கு அடிக்கிற தொலைபேசியை அடிக்கவிடத் தெரியாது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சாக்கை விடவில்லை. என்ன செய்தியோ தெரியாது. கூடாத செய்தியாக இருந்தால் அது இந்தப் படங்கின் மேல் விழும். நான் உட்கார்ந்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மைத்துனரின் கை ஒரு கணம் நெல்லுக்குள் நின்றது. பிறகு அள்ளினார். தொலைபேசி மறுபடியும் அடித்தது.

“ஆரு தங்கச்சி?” அவர் தலையைத் தூக்கவில்லை.

“பேங்க்.”

அவர் எடு என்று சொல்லவில்லை. எடுக்காதே என்றும் சொல்லவில்லை. அள்ளுகிற வேகம் மட்டும் கூடியது. சாக்கு நிறையுமுன் அடுத்ததை இழுத்தார். நான் தையலை அகலமாகப் போட ஆரம்பித்தேன். மூன்றாம் தடவை அடித்தபோது ஊசி என் பெருவிரலில் ஏறியது. இரத்தம் சாக்கில் படாமல் கையை விலக்கிக்கொண்டேன்.

கடைசி மூட்டையை உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஏற்றிய பிறகும் வேலை தீரவில்லை. அது வீட்டுக்குள் போக வேண்டும். வரம்புப் பாதையில் பெட்டி ஆடியாடிப் போயிற்று. நாங்கள் பின்னால் மோட்டார் சைக்கிளில் நடையின் வேகத்தில் போனோம். அவள் பையை மடியில் வைத்திருந்தாள். தொலைபேசி அதன் பிறகு அடிக்கவேயில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

மூட்டைகளை முன் அறைக்குள் அடுக்கினோம். மைத்துனர் கடைசியைச் சாய்த்து வைத்து, அதன் மேல் கையை வைத்து, “பொலி,” என்றார். படியில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் அவள் பையைத் திறந்தாள்.

முகாமையாளர் முதலில் ஏசினார். இத்தனை தடவை எடுத்தேன், எங்கே போனீர்கள் என்ற சத்தம் எனக்கே கேட்டது. அவள் “ஓம் சேர், ஓம் சேர்,” என்றாள். பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பார்த்தேன். சுட்டுவிரல் தொலைபேசியின் முதுகில் அசையாமல் இருந்தது. “தேங்க் யூ சேர்,” என்று வைத்தாள்.

“என்னவாம்?”

“பாஸ். ஏப்ரலில இரிந்து நிரந்தரம். மார்க்ஸ் கூட எடுத்தவங்க பக்கத்துக் கிளைகளை எடுத்திட்டாங்களாம். எனக்கு மிஞ்சினது வாகரைப் பக்கம்.”

வாகரை மாவட்டத்தின் மறு அந்தம். தினமும் போய்வர முடியாது. கிழமை நாட்களில் அங்கே ஒரு அறை பார்த்துத் தங்க வேண்டும். அவள் சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை புள்ளி போயிற்று என்று எனக்குத் தெரியாது. மூன்றாமவர் என்ன எழுதினார் என்பதை நாங்கள் ஒருநாளும் அறியப் போவதில்லை.

“மார்க்ஸ் எப்படியாம்?” என்று கேட்டேன்.

அவள் அடுக்கிய மூட்டைகளைப் பார்த்தாள். எல்லாம் உள்ளே வந்துவிட்டனவா என்று சரிபார்ப்பது போல, கீழ் வரிசையிலிருந்து மேல் வரிசை வரை. பிறகு என் பக்கம் திரும்பி, மூச்சு எடுக்காமல், தெளிவாகச் சொன்னாள்.

“தேறினவங்களுக்குள்ள நான்தான் லோவெஸ்ட்.”

உச்சரிப்பில் திருத்த ஒன்றுமில்லை.

மைத்துனர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “அதென்ன தங்கச்சி, லோவெஸ்ட்?”

“வேல கிடைச்சிட்டு எண்டு, அண்ணன்,” என்றாள். கால் கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.